குரல் கம்முவது வைராக்கியத்தின் அடையாளமா, வியாதியின் எச்சரிப்பா?



மும்பை மாநகரில் நம் தமிழ்ச் சபைகளின் ஞாயிற்றுக்கிழமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் தாராவியில் ஆராதனை. மதியம் செம்பூரில் வீட்டுக் கூட்டம். மாலையில் மாட்டுங்காவில் வாலிபர் கூட்டம். மூன்றிலும் பேசுகிறவர் ஒருவரே. மூன்றிலும் பாடல் நடத்துகிற சகோதரியும் பெரும்பாலும் ஒருவரே. திங்கட்கிழமை காலையில் அவர்கள் வாய் திறந்தால் காற்றுதான் வருகிறது, சத்தம் வருவதில்லை. "ஐயாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, நேற்று அவ்வளவு அபிஷேகத்தோடு பிரசங்கித்தார்" என்று சபையார் மெச்சிக்கொள்ளுகிறார்கள். கம்மிய குரல் ஊழிய வைராக்கியத்தின் முத்திரை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது.

இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க உங்களை அழைக்கிறேன். பிரசங்கத்தினால் கட்டிய தொண்டை இரண்டு நாளில் சரியாகிவிடக்கூடும். ஆனால் அதே கம்மலுக்குப் பின்னால் காசநோய் இருக்கலாம், தைராய்டுக் குறைவு இருக்கலாம், இருதய நோய் இருக்கலாம், புற்றுநோயும் இருக்கலாம். வெளியே கேட்கும் சத்தம் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகையால் எது கடந்துபோகும் களைப்பு, எது காத்திருக்கக் கூடாத வியாதி என்று பகுத்தறிய வேண்டியது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம்.

குரல் பிறக்கும் இடம்

கழுத்தின் முன்பக்கத்தில் கை வைத்து ஒரு பாடலை முணுமுணுத்துப் பாருங்கள். விரலுக்குக் கீழே அதிரும் அந்த இடமே குரல்வளை. அதனுள் இரண்டு சிறிய மடிப்புகள் எதிரெதிராக அமைந்திருக்கின்றன. அவற்றைக் குரல் நாண்கள் என்கிறோம். மூச்சு விடும்போது அவை விலகி நிற்கும். பேசும்போது நெருங்கி வரும். நுரையீரலிலிருந்து எழும் காற்று அவற்றினிடையே பாயும்போது அவை அதிர்ந்து ஒலி பிறக்கிறது. அந்த ஒலியை நாவும் உதடும் அண்ணமும் சேர்ந்து சொல்லாக்குகின்றன.

ஆணின் குரல் நாண் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளமும், பெண்ணின் குரல் நாண் அதைவிடக் குறைவான நீளமும் உடையவை. சாதாரணப் பேச்சில் ஆணின் நாண்கள் ஒரு விநாடிக்கு நூறு தடவைக்குச் சற்று மேலும், பெண்ணின் நாண்கள் இருநூறு தடவையளவும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு மணி நேரம் இடைவிடாமல் பேசினால் எத்தனை இலட்சம் மோதல்கள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரே நேர அளவு பேசினாலும் சகோதரிகளின் நாண்கள் அதிகமாக மோதுகிறபடியால், குரல் நாண் முடிச்சுகள் பெண்களிடத்திலே மிகுதியாகக் காணப்படுவதில் வியப்பில்லை.

உயிருள்ள மனிதனின் குரல் நாண்கள் வேலை செய்வதை முதன்முதலில் தெளிவாகக் கண்டு விளக்கியவர் மருத்துவர் அல்லர். ஒரு பாட்டு ஆசிரியர். மானுவேல் கார்சியா என்னும் அவர் 1854ஆம் ஆண்டில் பல் மருத்துவர்கள் உபயோகிக்கும் சிறு கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் கொண்டு தம் சொந்தக் குரல்வளையையே பார்த்தார். மறு ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப்பற்றிய கட்டுரையைச் சமர்ப்பித்தார். இன்றைய குரல்வளைப் பரிசோதனைகள் யாவும் அந்தச் சிறு கண்ணாடியின் வழிவந்தவையே.

நாண்களின் ஓரம் மிருதுவாகவும் ஈரமாகவும் நேராகவும் இருக்குமட்டும் குரல் தெளிவாயிருக்கும். அவை வீங்கினாலும், காய்ந்தாலும், அவற்றில் முடிச்சு விழுந்தாலும், ஒரு நாண் அசையாமற்போனாலும் குரல் கம்மும். காரணங்கள் பல என்றாலும் அவற்றை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. அளவுக்கு மிஞ்சிய உழைப்பு

சளியும் இருமலும் வந்த நாட்களில் குரல் கம்முவதே எங்கும் அதிகமாகக் காணப்படுவது. பெரும்பாலும் வைரஸ் கிருமியினால் உண்டாகும் இந்த அழற்சி ஒன்றிரண்டு வாரத்தில் தானாகத் தணியும். இதற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பயன் தருவதில்லை. இங்கே வேண்டியது ஓய்வு. அந்த அழற்சியின் நடுவிலேயே ஒருவர் உபவாசக் கூட்டத்தை நடத்தி உரத்த சத்தமிடும்போதுதான் தற்காலிக வீக்கம் நிலையான சேதமாகிறது.

தொடர்ந்து உரத்துப் பேசுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் நாண்களின் முன்பகுதியில், மோதல் அதிகமாக நிகழும் இடத்தில், இருபுறமும் சிறு முடிச்சுகள் உண்டாகின்றன. கடின வேலை செய்கிறவரின் உள்ளங்கையில் காய்ப்பு விழுவதைப் போன்றதே இது. பாலிப் என்னும் சதைக் கட்டி வேறு விதமானது. ஒரே ஒரு பெருங்கூச்சலில் சிறு இரத்தக்குழாய் வெடித்து, பொதுவாக ஒரு பக்கத்தில் மாத்திரம் அது தோன்றக்கூடும். எனவே சத்தமிட்டுக் கொண்டிருக்கையில் குரல் திடீரென்று அறுந்ததுபோல் நின்றுவிட்டால், அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

இந்த ஆபத்து யாருக்கு அதிகம்? பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியைகள், பாடல் குழுவினர், போதகர்கள், காய்கறி கூவி விற்கிறவர்கள், கால் சென்டரில் வேலை செய்யும் வாலிபர்கள், இயந்திர இரைச்சலின் நடுவே பேசும் தொழிலாளர்கள். தாராவியிலிருந்து அதிகாலையில் இட்லிப் பாத்திரத்துடன் புறப்படும் நம் சகோதரர்கள் தெருத்தெருவாய்க் கூவுவதில்லை. ரப்பர் ஹாரனை அழுத்திச் செல்லுகிறார்கள். அறிந்தோ அறியாமலோ அவர்கள் தங்கள் குரலைக் காத்துக்கொள்ளுகிறார்கள். நம் மேடைகளில் அந்த ஞானம் குறைவாயிருக்கிறது.

எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். சுற்றிலும் இரைச்சல் கூடும்போது மனிதன் தன்னை அறியாமலே தன் குரலை உயர்த்துகிறான். சிறிய அறை, தகரக் கூரை, அருகில் ஓடும் மின்சார ரயில், அதன்மேல் டிரம்ஸும் கீபோர்டும் முழு ஒலியில். இவற்றை மேற்கொள்ளப் பாடகர் கத்துகிறார். பாடகரை மேற்கொள்ள வாத்தியக்காரர் ஒலியைக் கூட்டுகிறார். கடைசியில் தோற்றுப்போவது குரல் நாண்களே.

இது அயலாருக்கும் அடுத்த காரியம். சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்துக்கும் இடையே நடந்த வழக்கில், 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் பிறருடைய அமைதியைக் குலைத்து வழிபட எந்த மதமும் கற்பிக்கவில்லை என்பதே அதன் சாரம். அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. அறையின் மொத்த இரைச்சலைக் குறைக்கிற சபை அயலாரோடு சமாதானமாயிருப்பது மாத்திரமல்ல, தன் ஊழியரின் தொண்டையையும் காப்பாற்றுகிறது.

2. இரவில் மேலேறும் அமிலம்

நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கும் இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய் வழியாக மேலேறிக் குரல்வளையைத் தொடக்கூடும். காலையில் எழும்போது கரகரப்பு, அடிக்கடி தொண்டையைச் செரும வேண்டிய நிலை, தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பதுபோன்ற உணர்வு ஆகியவை இதனோடு சேர்ந்து காணப்படலாம்.

நம் நகர வாழ்க்கைமுறை இதற்கு வாசல் திறந்து வைக்கிறது. இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வருகிறவர் பதினொரு மணிக்குச் சாப்பிட்டு உடனே படுக்கிறார். நாள் முழுவதும் வெறும் தேநீரிலே உபவாசமிருந்து, கூட்டம் முடிந்ததும் நள்ளிரவில் வயிறு நிறையப் பிரியாணி உண்டு உறங்குகிறவர்களும் நம்மில் உண்டு. உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே படுக்க வேண்டும். தலைப்பக்கம் கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்துச் சற்று உயர்த்துவது நல்லது. உபவாச நாட்களில் உரத்த சத்தத்தையும் தண்ணீர் குடியாமையையும் ஒன்றாய்ச் சேர்க்காதிருங்கள். நீர் வற்றிய நாண்கள் எளிதில் புண்படும்.

3. காற்று, புகை, புகையிலை

செம்பூர் மாஹுல் பகுதியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும், தேவனார் குப்பைமேடும் நாம் அறிந்தவையே. 2016 ஜனவரி இறுதியில் தேவனாரில் பற்றிய தீயின் புகை நகரத்தை மூடி நாட்கணக்கில் நின்றது. தாராவியில் பிளாஸ்டிக்கை உருக்கும் பட்டறைகளும், தோல் ஒட்டும் பசையின் நெடியும், கும்பார்வாடா சூளைகளின் புகையும் உண்டு. இத்தகைய காற்றைத் தினமும் சுவாசிக்கிறவரின் குரல்வளை எப்போதும் எரிச்சலடைந்த நிலையில் இருக்கும். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் முகக்கவசம் அணிவதும், சன்னலைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குவதும் சிறிய காரியமல்ல.

ஆயினும் எல்லாவற்றிலும் கொடியது புகையிலை. சிகரெட்டும் பீடியும் குரல்வளைப் புற்றுநோய்க்கு முதன்மையான காரணங்கள். மதுபானம் அவற்றோடு சேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது. இதை நிலைநாட்டியதில் நம் மும்பைக்கும் பங்குண்டு. இந்தியாவில் மக்கள்தொகை அடிப்படையிலான முதல் புற்றுநோய்ப் பதிவேடு 1963இல் இந்நகரத்தில்தான், மருத்துவர் டி. ஜே. ஜஸ்ஸாவாலாவின் முயற்சியால் தொடங்கப்பட்டது. அவரும் தேஷ்பாண்டேயும் 1971இல் வெளியிட்ட மும்பை ஆய்வு, புகைப்பதும் புகையிலை மெல்லுவதும் வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்களோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையவை என்பதை ஆராய்ந்தது.

"நான் புகைப்பதில்லை, வாயில் கொஞ்சம் போட்டுக்கொள்ளுகிறேன்" என்று சொல்லுகிறவர்களும், வறுத்த புகையிலைத் தூளாகிய மிஸ்ரியால் பல் தேய்க்கும் தாய்மார்களும் தங்களைத் தேற்றிக்கொள்ள இடமில்லை. குட்காவை மகாராஷ்டிர அரசு 2012இல் தடை செய்தது. இன்றும் ரகசியமாய் விற்பனையாகிறது. வீட்டுக்குள் ஒருவர் புகைத்தால் அதே பத்துக்குப் பத்து அறையில் உறங்கும் குழந்தையும் மனைவியும் அந்தப் புகையில் பங்கடைகிறார்கள். நெடுங்காலம் புகைக்கும் பெண்களுக்கு நாண்கள் ஊதி, குரல் ஆண்குரல்போலத் தடிப்பதும் உண்டு.

4. தொண்டைக்கு வெளியே இருக்கும் காரணங்கள்

அநேகர் அறியாத பகுதி இதுவே. குரல் நாண்களை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. இடப்பக்கத்து நரம்பு மார்புக்குள் இறங்கி, மகாதமனி என்னும் பெரிய இரத்தக்குழாயின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறுகிறது. ஆகவே மார்புக்குள் எது வீங்கினாலும் அந்த நரம்பு நசுங்கலாம். நுரையீரல் புற்றுநோயின் முதல் அடையாளம் குரல் கம்மலாக இருந்ததுண்டு. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கினவர்களுக்கு, இருதயத்தின் இடது மேலறை பெருத்து அந்த நரம்பை அழுத்தக்கூடும். வியன்னாவைச் சேர்ந்த ஆர்ட்னர் 1897இல் இதை விவரித்தார். மூச்சிரைப்புடன் குரலும் கம்மினால் இருதயத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின்னும், அறுவைக்காக மூச்சுக்குழாயில் குழாய் இறக்கியபின்னும் குரல் மாறுவதுண்டு. சில நாட்களில் தெளியாவிட்டால் அறுவை செய்த மருத்துவரிடமே தெரிவியுங்கள். தைராய்டுச் சுரப்பு குறைந்தவர்களுக்குக் குரல் தடித்து, உடல் பருத்து, சோர்வும் மலச்சிக்கலும் உண்டாகும். ஓர் இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். பக்கவாதத்திலும் பார்க்கின்சன் நோயிலும் குரல் மாறுகிறது.

கழுத்தில் படும் காயமும் குரலை நிரந்தரமாய் மாற்றிவிடும். தமிழர் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு எம்.ஜி.ஆர். அவர்கள். 1967 ஜனவரி 12ஆம் தேதி துப்பாக்கிக் குண்டு அவருடைய கழுத்தில் பாய்ந்தபின் அவருடைய குரல் முன்போல் திரும்பவில்லை. மாறிய குரலோடுதான் அவர் பின்னர் நடித்தார், மேடைகளில் பேசினார், தமிழக முதலமைச்சராகவும் இருந்தார்.

நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் நாம் காசநோயை மறக்கலாகாது. நுரையீரலில் உள்ள காசநோய் குரல்வளையையும் தாக்கக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவற்றோடு குரலும் கம்மினால் உடனே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்த நோய் காற்றின் வழியாய்ப் பரவும், ஆனால் குணமாகக்கூடியது. அரசின் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை பெறுகிறவருக்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வெட்கப்பட்டு மறைப்பதனால் வீட்டாரே அடுத்த நோயாளிகளாகிறார்கள்.

மருந்துகளாலும் குரல் மாறும். ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு இன்ஹேலர் உபயோகிக்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஓர் பேரரசரின் 99 நாட்கள்

தாமதம் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு சாட்சி உண்டு. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடெரிக்குக்கு 1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குரல் கம்மியது. ஜெர்மானிய மருத்துவர்கள் புற்றுநோய் என்று சந்தேகித்து அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமானார்கள். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மொரெல் மெக்கென்சி என்னும் நிபுணர் முதலில் திசுவைப் பரிசோதிக்கச் சொன்னார். அந்தப் பரிசோதனையில் புற்றுநோய் தென்படவில்லை. அறுவை தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் வியாதி இன்னதென்று உறுதியானபோது காலம் கடந்திருந்தது. 1888 பெப்ரவரியில் மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டார்கள். மார்ச் 9ஆம் தேதி தகப்பன் மரித்தபோது அவர் பேரரசரானார். ஆனால் பேச முடியவில்லை. காகிதத்தில் எழுதியே காரியங்களைத் தெரிவித்தார். 99 நாட்கள் அரசாண்டு ஜூன் 15ஆம் தேதி மரித்தார்.

அக்காலத்தில் அந்த அறுவை சிகிச்சையே உயிருக்கு ஆபத்தானது என்பதும் உண்மை. இன்றோ நிலைமை வேறு. குரல் நாணில் தோன்றும் புற்றுநோய் மற்ற அநேகப் புற்றுநோய்களைப் போல ஒளிந்து வளருவதில்லை. மிகச் சிறியதாய் இருக்கும்போதே குரலைக் கெடுத்து, தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்தால் கதிர்வீச்சினாலோ லேசர் அறுவையினாலோ பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குக் குணம் கிடைக்கிறது. குரலும் பெரும்பாலும் தப்புகிறது. தாமதித்தால் குரல்வளை முழுவதையுமே அகற்ற நேரிடும். அப்படிப்பட்டவர்களுக்கும் பேச வழியுண்டு. பெங்களூரு அறுவை மருத்துவர் விஷால் ராவ், தம் நண்பர் சஷாங்க் மகேஷுடன் சேர்ந்து ஏழைகளுக்காக 50 ரூபாயில் செயற்கைக் குரல் கருவியை உருவாக்கினார். இது ஆறுதலான செய்தி. என்றாலும் தேவன் தந்த குரலைக் காத்துக்கொள்வது அதைவிட மேலானதல்லவா?

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, குரல் கம்மல் தீராவிட்டால் குரல்வளையைப் பார்க்க மூன்று மாதம் வரை தவணை கொடுத்தது. 2018இல் அதைத் திருத்தி, நான்கு வாரமாகக் குறைத்தது. குரல்வளையைப் பார்க்காமலே ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, அமில மாத்திரை என்று வழக்கமாய் எழுதிக் கொடுக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. நீங்கள் மூன்று வாரத்தையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கண்டவை இருந்தால் அந்த மூன்று வாரமும் காத்திருக்க வேண்டாம்:

• மூச்சுவிடச் சிரமம், அல்லது மூச்சிழுக்கும்போது சத்தம். இது அவசர நிலை, அந்நேரமே செல்லுங்கள்.
• பேச்சுக் குழறி, முகம் கோணி, கை கால் தளர்ந்தால் அதுவும் அவசர நிலையே.
• இருமலிலோ உமிழ்நீரிலோ இரத்தம்.
• விழுங்கும்போது வலி அல்லது தடை, காரணமில்லாத காதுவலி.
• கழுத்தில் கட்டி. காரணமின்றி எடை குறைதல்.
• புகையிலை அல்லது மதுப்பழக்கம் உள்ளவர், அல்லது நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர், சளி இல்லாமலே குரல் மாறுதல்.
• கழுத்து அல்லது மார்பு அறுவைக்குப் பின்வந்த கம்மல்.

பிள்ளைகளைக் குறித்தும் ஒரு வார்த்தை. விளையாட்டில் கத்தி முடிச்சு விழுவது சிறுவர்களுக்குச் சாதாரணம். பதின்வயதில் ஆண்பிள்ளைகளின் குரல் உடைவதும் இயற்கை. அந்நாட்களில் உச்ச சுருதியில் பாடும்படி அவர்களை வற்புறுத்தாதேயுங்கள். ஆனால் குழந்தையின் குரல் மாதக்கணக்கில் மாறிக்கொண்டே போனால் குரல்வளையில் மரு வளரும் நோயாக இருக்கலாம். கடலையோ சிறு பொருளோ விளையாடும்போது புரையேறி அதன்பின் திடீரென்று குரல் மாறினால், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

தாராவியில் இருப்பவர்களுக்குச் சின்ன சயான் என்று வழங்கும் சுகாதார நிலையமும், அதன் தாய் மருத்துவமனையாகிய சயான் லோக்மான்ய திலக் மருத்துவமனையும் அருகில் உள்ளன. செம்பூர்வாசிகளுக்குக் கோவண்டியில் சதாப்தி மருத்துவமனை உண்டு. பரேலில் கே.இ.எம். மருத்துவமனையும், 1941 முதல் சேவை செய்துவரும் டாட்டா நினைவு மருத்துவமனையும் இருக்கின்றன. கேஸ் பேப்பர் எடுத்து, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். சிறு கண்ணாடியையோ, மூக்கின் வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்புக் குழாயையோ செலுத்திக் குரல்வளையைப் பார்ப்பார்கள். மரத்துப்போகும் மருந்து தெளித்துச் செய்வதால் பயப்படத் தேவையில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிச்சு என்று தெரிந்தால் பெரும்பாலும் முதலில் கத்தி எடுப்பதில்லை. குரல் பயிற்சி அளிக்கும் நிபுணரிடம் அனுப்புவார்கள். பாந்திராவில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் பேச்சு, கேள்விக் குறைபாடுகளுக்கென்றே 1983இல் தொடங்கப்பட்டது.

ஜெபமும் மருத்துவமும்

"ஜெபித்திருக்கிறோம், ஆகவே மருத்துவரிடம் போவது அவிசுவாசம்" என்று எண்ணி மாதங்களைக் கழிக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. மற்ற வியாதிகளில் இந்தத் தாமதம் ஒருவேளை மன்னிக்கும். குரல்வளைப் புற்றுநோயில் மூன்று மாதத் தாமதம், குரலோடு தப்புவதா, குரலை இழப்பதா என்பதைத் தீர்மானித்துவிடக்கூடும். அப்போஸ்தலனாகிய பவுலோடு பிரயாணம் பண்ணின லூக்கா ஒரு வைத்தியன் என்பதை நாம் அறிவோம். தீமோத்தேயுவின் வயிற்றுக் குறைவுக்குப் பவுல் ஒரு பரிகாரத்தையும் எழுதினார். ஜெபத்தோடே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வியாதி இன்னதென்று அறிந்து ஜெபிப்பது விசுவாசத்துக்கு விரோதமானதல்ல.

சத்தம் உயர்ந்தால்தான் ஜெபம் உயரும் என்பதும் வேத சத்தியமல்ல. அன்னாளின் உதடுகள் மாத்திரம் அசைந்தன, ஏலிக்குச் சத்தம் கேட்கவில்லை, தேவனுக்குக் கேட்டது. நம் ஆண்டவர் திரளான ஜனங்கள் கூடியபோது படவில் உட்கார்ந்து, கரையில் நின்றவர்களோடு பேசினார். தண்ணீர்ப்பரப்பு ஒலியை நன்றாய்க் கொண்டுசெல்லும். இடத்தைத் தெரிந்தெடுத்துப் பேசுவதும் ஞானமே.

இன்றே செய்யக்கூடியவை

• தண்ணீரைச் சிறிது சிறிதாக நாள் முழுவதும் குடியுங்கள். பிரசங்க மேடையில் ஒரு தம்ளர் வைப்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.
• மைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் பிடித்து, உரையாடும் குரலில் பேசுங்கள். வாத்தியங்களின் ஒலியைக் குறையுங்கள்.
• குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசாதீர்கள். அழுத்திய கிசுகிசுப்பும் நாண்களுக்குச் சுமைதான். சகரியா எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கியதுபோல நீங்களும் இரண்டு நாள் எழுதிக் காட்டலாம்.
• அடிக்கடி செருமுவதற்குப் பதிலாக ஒரு வாய்த் தண்ணீரை விழுங்குங்கள்.
• பாடுவதற்குமுன் ஐந்து நிமிடம் மெதுவாய் முனகிக் குரலை ஆயத்தப்படுத்துங்கள்.
• பனங்கற்கண்டு, மிளகு, உப்புநீர்க் கொப்பளிப்பு ஆகியவை தொண்டைக்கு இதம் தரும். ஆனால் நாம் விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்வதால் அவை நாண்களைத் தொடுவதேயில்லை. வெந்நீர் ஆவியோ உள்ளே சென்று ஈரப்படுத்தும். அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாய் உபயோகித்தால் இரத்த அழுத்தம் உயரக்கூடும். அழுத்த நோயாளிகள் கவனமாயிருங்கள்.
• புகையிலையை எந்த வடிவத்திலும் விட்டுவிடுங்கள். விட முடியாமல் போராடுகிறவரைச் சபை கடிந்துகொள்ளாமல் கைபிடித்து நடத்தட்டும்.

சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லாப் பாரத்தையும் தனியே சுமந்த மோசேயைப் பார்த்து, இது நல்லதல்ல, சுமையைப் பகிர்ந்துகொள் என்று ஆலோசனை சொன்னவர் அவருடைய மாமனாகிய எத்திரோ. மூன்று கூட்டங்களுக்கும் ஒரே குரல் என்ற ஏற்பாட்டை மாற்றுங்கள். ஒரு கூட்டத்தை வேதம் அறிந்த ஒரு சகோதரர் நடத்தட்டும். பாடல் நடத்த இருவரை முறைவைத்து நியமியுங்கள். உங்கள் போதகர் கரகரத்த குரலில் பேசும்போது அதை மெச்சுவதை விட்டு, "ஐயா, எத்தனை வாரமாய் இப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். வீட்டிலே தகப்பனிடத்திலும் தாயினிடத்திலும் அதே கேள்வியைக் கேளுங்கள். மூன்று வாரம் என்று பதில் வந்தால், மறுநாள் காலையிலே அவர்களோடு நீங்களும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதித்து, உங்கள் நாவையும் குரலையும் காப்பாராக. ஆமென்.